மூணு விசில், மூணு மேகம்: சிறுவர் கதை எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

சிறுவர் புத்தகம் எழுத ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "எனக்குக் கற்பனையே வர மாட்டேங்குது, என்ன செய்யலாம்?" ஆனால் அவர்கள் எழுதி வைத்திருப்பதை வாங்கிப் படித்தால், கற்பனைக்கு அதில் பஞ்சமே இருக்காது. பேசும் சிங்கம் இருக்கும், மந்திரக்கோல் இருக்கும், வானவில் மேல் நடந்து போகும் இளவரசி இருப்பாள், போதாததற்கு வேற்றுக்கிரகத்திலிருந்து ஒருவர் வந்து இறங்கியிருப்பார். இவ்வளவு இருந்தும், கேட்கிற குழந்தை இரண்டாம் பக்கத்திலேயே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடும். எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று ஆகிவிட்ட கதையில், அடுத்து என்ன நடக்கும் என்று யாருக்கும் அக்கறை இருக்காது.

சிறுவர் கதையில் இடத்தைச் சுருக்கச் சுருக்கத்தான் கற்பனை சுரக்கும் என்பது என் எண்ணம். ஒரு குழந்தை, வீட்டில் கிடக்கும் ஒரு பொருள், நடக்கவே நடக்காத ஒரே ஒரு காரியம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு விடாப்பிடியாகப் போனால் கதை கிடைக்கும். எப்படிப் போவது என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்லியிருக்கிறேன். வெறும் அறிவுரையாக இல்லாமல் இருக்க, ஒரு கதையையும் கூடவே கட்டிக்கொண்டு போவோம். நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான படக்கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"குழந்தைகளுக்கு" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் இல்லை என்று அர்த்தம். மடியில் உட்கார்ந்து கேட்கும் மூன்று வயதுக் குழந்தையும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆறு வயதுக் குழந்தையும், ஒரே மூச்சில் நூறு பக்கம் படிக்கும் பத்து வயதுக் குழந்தையும் வேறு வேறு வாசகர்கள்.

அளவு பிடிபட, சிறுவர் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தைப் பாருங்கள். அங்கே கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலைக்கு 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலைக்கு 600 வரை, மூன்றாம் நிலைக்கு 1500 வரை, அதற்கு மேல் போனால் நான்காம் நிலை. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில்தான் வருகின்றன. பெயர் வைத்தவர் யாரோ, அவருக்குக் குழந்தைகளை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சொற்களை எண்ணும்போது ஒரு விஷயம். தமிழில் "பள்ளிக்கூடத்திலிருந்து" என்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் 250 சொற்களில் சொல்லும் கதை தமிழில் 160, 170-க்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த 170-ல் ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சரக்கு ரயில். எனவே முதல் நிலைக்கு எழுதினால் சொல் எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம்.

எழுத உட்காருமுன் ஒரு நாளாவது இந்தப் புத்தகங்களுக்கு நடுவே இருந்துவிட்டு வாருங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. இணையம் போதும் என்றால் ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். உங்கள் மனதில் இருக்கும் சிறுவர் கதை முப்பது வருடங்களுக்கு முன் நீங்கள் படித்தது. இப்போது வருபவை அப்படி இல்லை என்பது பத்துப் புத்தகம் புரட்டியதுமே தெரிந்துவிடும்.

கேள்விகளைப் பிடித்து வையுங்கள்

ஒரு சின்ன நோட்டு, அல்லது போனில் ஒரு பக்கம். அதில் குழந்தைகள் கேட்கும் கேள்விகளைக் கேட்ட மாதிரியே எழுதி வையுங்கள், திருத்தாமல். "நேத்து எங்கே போச்சு?" "பல்லி தூங்கும்போது ஏன் கீழே விழல?" "லிஃப்ட் நம்மள இறக்கிவிட்டுட்டு எங்கே போகும்?" "தாத்தா, நீங்க சின்னப் பையனா இருந்தப்போ நான் உங்களைவிடப் பெரியவனா இருந்தேனா?"

இதில் பாதிக்கு மேல் அப்படியே கதைக் கரு. இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் சொல்லி முடித்துவிடாதீர்கள். லிஃப்ட் எங்கே போகும் என்று கேட்டால், கம்பி, மோட்டார் என்று விளக்குவது ஆசிரியர் வேலை. எழுதுகிறவர் கேட்க வேண்டியது, "நீ எங்கே போகும்னு நினைக்கிற?"

பக்கத்தில் குழந்தைகள் இல்லாதவர்கள் பேருந்து நிறுத்தம், பூங்கா, கல்யாண மண்டபம் என்று காதைத் திறந்து வைத்தால் போதும். அப்புறம், தரையில் உட்கார்ந்து பாருங்கள். நிஜமாகவே உட்காருங்கள். மேசைக்கு அடியில் யாரோ ஒட்டிவைத்த பொட்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடக்கும் பென்சில், கட்டிலுக்குக் கீழே இருட்டில் தெரியும் ஒற்றைச் செருப்பு, எல்லாம் அந்த உயரத்தில்தான் கண்ணில் படும்.

உண்மைத் தகவல்களும் நோட்டில் இருக்கட்டும். தூக்கணாங்குருவியில் ஆண்தான் கூடு பின்னும். பாதி பின்னி முடித்ததும் பெண் குருவி வந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும், பிடிக்காவிட்டால் அந்தப் பாதிக் கூடு அப்படியே தொங்கும். இதில் நீங்கள் எதையும் சேர்க்கவே வேண்டாம், கதை ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருக்கிறது. சிங்க ராஜாவையும் தந்திர நரியையும் விட்டுவிட்டு, வாசலில் திரியும் அணில், மரவட்டை, மைனா பக்கம் திரும்புங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். சிங்கத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் இன்னொரு கதையிலிருந்து வந்தது.

இரண்டு சொல்லை மோத விடுங்கள்

கருவே கிடைக்கவில்லையா? இத்தாலிய எழுத்தாளர் ஜான்னி ரொடாரி ஒரு வழி வைத்திருந்தார். கொஞ்ச காலம் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1970-ல் சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். அவர் காட்டிய உதாரணம் நாயும் அலமாரியும். அலமாரிக்குள் நாய், நாயின் அலமாரி, அலமாரியோடு வரும் நாய் என்று சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கதை எட்டிப் பார்க்கும்.

இந்த விளையாட்டுக்கு நம்மிடம் பள்ளியில் மனப்பாடம் செய்த வேற்றுமை உருபுகள் இருக்கின்றன. ஐ, ஆல், கு, இன், அது, கண். அன்றைக்கு மதிப்பெண்ணுக்குப் படித்தது இன்றைக்கு உதவட்டும்.

சீட்டுகளில் பொருட்பெயர்களை எழுதிக் குலுக்கி இரண்டு எடுங்கள். எடுத்துக்காட்டாக, குக்கர், மேகம் என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். குக்கரை விழுங்கிய மேகம். குக்கரால் உண்டான மேகம். மேகத்துக்கு வாங்கிய குக்கர். குக்கரினும் சிறிய மேகம். மேகத்தினது குக்கர். குக்கருக்குள் ஒளிந்திருக்கும் மேகம்.

இதில் எதை எடுப்பது? முக்கால்வாசி உண்மையும் கால்வாசிப் பொய்யுமாக இருப்பதை எடுங்கள். மேகத்துக்குக் குக்கர் வாங்குவது வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் முழுக்க அந்தரத்தில் நிற்கிறது. குக்கரால் உண்டான மேகம் அப்படியில்லை. விசில் அடிக்கும்போது வெள்ளையாகப் புகை மாதிரி மேலே போவதை எல்லாக் குழந்தையும் பார்த்திருக்கிறது. அந்த ஆவி கலையாமல் மேகமாகவே நின்றுவிட்டது என்பது மட்டும்தான் நாம் சொல்லும் பொய்.

ஒரு விதி போடுங்கள், அதை மீறாதீர்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான் என்பதால் கொஞ்சம் நின்று பேசுவோம். நடக்காத காரியம் ஒன்று நடந்துவிட்டது. இனி அது எப்படி நடக்கும் என்று ஒரு சட்டம் வேண்டும். நம் கதைக்கு: ஒரு விசிலுக்கு ஒரு மேகம். குக்கரில் எது வெந்ததோ அது மழையாகப் பெய்யும். அவ்வளவுதான். நடுவில் மேகம் பேச ஆரம்பித்தாலோ, மேகத்தின் மேல் ஏறிக் குழந்தை ஊர் சுற்றினாலோ அது போங்காட்டம். கதை கேட்கிற குழந்தைகளுக்குப் போங்காட்டம் உடனே தெரிந்துவிடும்.

சட்டம் போட்டதும் வீட்டுக்குள் பாருங்கள். குக்கரைச் சுற்றி நிஜத்தில் என்ன நடக்கிறது? பெரியவர்கள் அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகும்போது வீட்டுக் குழந்தையிடம் சொல்வார்கள், "மூணு விசில் வந்ததும் கூப்பிடு." பொறுப்பான வேலை. கதையின் நாயகிக்கு வேலை கிடைத்துவிட்டது. அவள் பெயர் மீனு. பாட்டி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். (அடுப்பை அணைக்கும் வேலையை மீனுவிடம் கொடுக்க வேண்டாம். ஆறு வயதுக் குழந்தை கையில் அடுப்பைக் கொடுத்தால் எந்தப் பதிப்பாசிரியரும் சிவப்புப் பேனா எடுப்பார், அது நியாயமும்கூட. எண்ணுவது மீனு, அணைப்பது பாட்டி.)

குக்கரில் பருப்பு. விசில் வருகிறது, மேகம் போகிறது. சரி, போகட்டுமே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் கையில் இருப்பது ஒரு யோசனை மட்டும்தான், இன்னும் கதை ஆகவில்லை. மழை பெய்தால் எது கெடும் என்று யோசித்தால் வெயில் காலத்தில் எல்லா வீட்டு மொட்டைமாடியிலும் இருப்பது நினைவுக்கு வரும்: வேட்டித் துணியில் பிழிந்து காயப்போட்ட வடகம். காலையில் எழுந்து பாட்டி பிழிந்தது. அதன் மேல் பருப்பு மழை பெய்தால் போச்சு. உலகம் அழியப் போகிறது என்பதைவிட வடகம் நனையப் போகிறது என்பது ஆறு வயதுக்காரிக்குப் பெரிய ஆபத்து.

இப்போது மீனுவுக்கு இரண்டு வேலை. அடுப்படியில் நின்று விசில் எண்ணுவதா, மாடிக்கு ஓடி வடகத்தைக் காப்பாற்றுவதா? இந்த இழுபறி கிடைத்ததும் கதை தானாக நகர ஆரம்பிக்கும்.

எப்படிக் காப்பாற்றுவாள்? இங்கே ஒரு பயிற்சி. விடைகளை வரிசையாக எழுதிக்கொண்டே போங்கள், நிறுத்தாமல். காற்று வந்து மேகத்தைத் தள்ளிவிடும். அப்பா வந்து துணியைச் சுருட்டுவார். மீனு மேகத்திடம் கெஞ்சுவாள். பறவைகள் கூட்டமாக வந்து தூக்கிச் செல்லும். முதலில் வருபவை எல்லாருக்கும் வருபவை. அவற்றில் பெரும்பாலும் வேறு யாரோதான் காப்பாற்றுவார்கள், குழந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். சிறுவர் கதையில் சிக்கலை அவிழ்க்க வேண்டியது அந்தக் குழந்தைதான். குடை பிடிப்பாள் என்பது கொஞ்சம் பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் போனால், குடையைத் தலைகீழாகப் பிடிப்பாள் என்று ஒன்று வரும். வடகத்துக்கு மேலே கவிழ்த்த குடை பருப்பை நாலாபுறமும் வழியவிடும், தலைகீழான குடையோ முழுப் பருப்பையும் பிடித்துக்கொள்ளும். விதியை மீறாமலேயே தப்பித்தாயிற்று. அதோடு இன்னொரு நல்ல காரியமும் நடக்கிறது: பருப்பெல்லாம் மேகமாகப் போய்விட்டது என்றால் பாட்டி குக்கரைத் திறக்கும்போது உள்ளே என்ன இருக்கும்? ஒன்றுமே இருக்காது. இது நாம் தேடிப்போன திருப்பம் இல்லை, போட்ட விதி தானாகக் கொண்டுவந்து கொடுத்தது.

"பருப்பு மழை சூடா இருக்காதா?" என்று யாராவது ஒரு குழந்தை கேட்கும். கேட்கட்டும். அவ்வளவு உயரம் போய் வந்ததில் ஆறிவிட்டது.

நாட்டார் கதையைப் பிரித்துப் பாருங்கள்

கட்டமைப்பைக் கற்றுக்கொள்ள வெளியே போக வேண்டியதில்லை. தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். ஈ போய்க் கன்றுக்குட்டியிடம் கேட்கிறது, "கொழு கொழு கன்றே, என் பெயர் என்ன?" கன்று தெரியாது, என் தாயைக் கேள் என்கிறது. உடனே, "கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, என் பெயர் என்ன?" அப்புறம் மேய்ப்பவன், அவன் கைக் கோல், மரம், கொக்கு, குளம், மீன் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். ஊருக்கு ஊர் வரிசை மாறும். கடைசியில் குதிரையிடம் வந்து நிற்கும். குதிரை கனைக்கும், அல்லது சிரிக்கும்: "ஹிஹிஹி... ஈஈஈ!" ஈக்குப் பெயர் கிடைத்துவிடும்.

இதில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ஈயின் தேவை ஒன்றே ஒன்று, அதுவும் குழந்தைக்குப் புரிவது. ஒவ்வொரு கட்டத்திலும் முன்னே சொன்னது திரும்ப வருகிறது, கூடவே ஒன்று புதிதாகச் சேருகிறது, அதனால் இரண்டாவது தடவையே குழந்தை நம்மோடு சேர்ந்து சொல்ல ஆரம்பிக்கும். யாரும் ஈக்கு உபதேசம் செய்வதில்லை. விடை குதிரைக்குத் தெரியாது, அது பாட்டுக்கு ஒரு சத்தம் போடுகிறது. எல்லாவற்றையும்விட, கதை எதில் தொடங்கியதோ அதற்கான விடை ஒரே ஒரு ஒலியில் வந்து விழுகிறது. எழுதியவர் பெயர் தெரியாத இந்தக் கதையில் படக்கதைக்கான பாடம் முழுக்க இருக்கிறது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்தில் சேகரித்த நாட்டார் கதைகளையும் இதே கண்ணோடு படிக்கலாம். அவற்றில் எல்லாமே குழந்தைகளுக்கானவை இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கதைக்கும் திரும்ப வரும் வரி ஒன்று வேண்டும். விசில் அடிக்கும்போதெல்லாம்: "உஸ்ஸ்ஸ்! போச்சு ஒரு மேகம்!" இரண்டாவது விசிலில் "போச்சு ரெண்டு மேகம்!" மூன்றாவதைக் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள்.

காகிதத்தை மடியுங்கள்

உலகம் முழுக்கப் படக்கதைகள் பெரும்பாலும் 32 பக்கம் வருகின்றன. பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டுவதால் பக்கங்கள் எட்டு, பதினாறு என்ற கணக்கில்தான் அமையும். நம் ஊரில் 16, 24 பக்கப் புத்தகங்களும் நிறைய. முதல் முயற்சிக்கு 16 போதும். நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடியுங்கள், 16 பக்கம் ஆயிற்று. பென்சிலால் எண் போடுங்கள்.

முதல் பக்கம் தலைப்பு, இரண்டாவது பதிப்பு விவரம். கதை மூன்றாம் பக்கத்தில் தொடங்கும். பாட்டி குக்கர் வைக்கிறாள். 4-5-ல் முதல் விசில், 6-7-ல் இரண்டாவது, 8-9-ல் மூன்றாவது. மேகங்கள் மூன்றும் மாடிப்படி ஏறுகின்றன. எதற்கு? பக்கத்தைத் திருப்பினால்தான் தெரியும். 10-11-ல் மாடி முழுக்க வடகம். மீனு "மூணூ பாட்டீ!" என்று கத்திக்கொண்டே ஓடுகிறாள். 12-13-ல் தலைகீழ்க் குடை. திருப்பினால் 14-15-ல் பாட்டி குக்கரைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள், காலி. பதினாறாம் பக்கம் கடைசி வரிக்கு.

ஆச்சரியம் எதுவானாலும் அதைத் திருப்பிய பிறகு வரும் பக்கத்தில் வையுங்கள். கேள்வி வலப்பக்கத்தின் கடைசியில் இருக்கட்டும். கணினித் திரையில் எழுதும்போது இந்த ஏற்பாடு தெரியவே தெரியாது, அதனால்தான் காகிதத்தை மடிக்கச் சொல்கிறேன்.

இப்போது எழுத வேண்டியது மிகவும் கொஞ்சம். மூன்றாம் பக்கமும் அடுத்த இரண்டும் இப்படி இருக்கலாம்:

பாட்டி குக்கரை வைத்தாள்.
"மூணு விசில் வந்ததும் கூப்பிடுடி மீனு."

உஸ்ஸ்ஸ்!
போச்சு ஒரு மேகம்.
குட்டி மேகம். பருப்பு வாசனை.

மேகம் மஞ்சளாக இருந்தது, மீனு நீலப் பாவாடை கட்டியிருந்தாள், ஜன்னலில் மூன்று கம்பிகள் இருந்தன என்றெல்லாம் எழுத வேண்டாம். அவை ஓவியரின் பங்கு. வாசனையை அவரால் வரைய முடியாது, அதை எழுதுங்கள். எழுத்தில் இல்லாத, ஆனால் படத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய விஷயம் இருந்தால் ஓரத்தில் ஒரு குறிப்பு போதும்: "3-ஆம் பக்கத்தில் பாட்டியின் கையில் வடக மாவு ஒட்டியிருக்கலாம்." கவனிக்கும் குழந்தைக்கு இரண்டாம் தடவை படிக்கும்போது அது பிடிபடும்.

நீதியை என்ன செய்வது?

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கை தானாக எழுதப் பார்க்கும்: "பெரியவர்களுக்கு உதவினால் நன்மை உண்டாகும் என்று மீனு அறிந்துகொண்டாள்." அடித்துவிடுங்கள். மீனு அப்படி எதையும் அறிந்துகொள்ளவில்லை, பருப்பைப் பிடித்தாள்.

நீதி சொல்லும் கதைகளில் வளர்ந்தவர்கள் நாம். அதனால் இந்தப் பழக்கம் லேசில் போகாது. சொல்ல நினைத்தது கதையின் நடப்பில் வந்துவிட்டது என்றால் கடைசி வரி வீண், வரவில்லை என்றால் கடைசி வரியால் அதைக் கொண்டுவர முடியாது. வகுப்பறைக்கு என்றே கேட்டு எழுதச் சொன்னால் அது வேறு.

நம் கதையின் கடைசிப் பக்கத்தில் "நாளைக்குப் பாயசம் வைக்கலாமா பாட்டி?" என்று மீனு கேட்கலாம். மோசமில்லை. ஆனால் சமையல் தெரிந்தவர்களுக்கு இன்னொன்று தோன்றும். பருப்பு வேகும்போது பல வீடுகளில் உப்புப் போடுவதில்லை. எனவே பாட்டி குடையில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறாள்: "உப்பு போடணும்." நான் இதைத்தான் எடுப்பேன். அதிசயத்தைப் பார்த்து வாயைப் பிளக்காத பாட்டிதான் நமக்குத் தெரிந்த பாட்டி.

மொழியில் கை வைக்கும் நேரம்

"ஓடிக்கொண்டிருந்தது" என்பதில் பத்து எழுத்து. "ஓடியது" என்பதில் நான்கு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை முதல் சொல்லை முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கத்தை மறந்துவிடும். முதல் வரைவை எடுத்து, கொண்டிருந்தது, விட்டிருந்தது எல்லாவற்றையும் சுழித்து, எவ்வளவு போகுமோ அவ்வளவு எடுங்கள். "மகிழ்ச்சியடைந்தாள்" என்று வரும் இடத்தில், மகிழ்ச்சி வந்தபோது அவள் என்ன செய்தாள் என்று எழுதுங்கள்.

உரையாடல் பேச்சுத் தமிழில் இருக்கலாமா என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. எழுத்துத் தமிழ் பழக வேண்டிய வயதில் "கூப்பிடுடி" வேண்டாம் என்று சில ஆசிரியர்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது. கதைசொல்லி எளிய எழுத்துத் தமிழில் பேசட்டும், பாட்டி பாட்டியாகப் பேசட்டும் என்பது என் கட்சி. "அழைப்பாயாக மீனு" என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. அதே மாதிரி, உங்கள் வீட்டில் ஆச்சி என்றால் ஆச்சி, அப்பத்தா என்றால் அப்பத்தா, யாழ்ப்பாணத்துக் கதை என்றால் அம்மம்மா. வடகமா வத்தலா வடாமா என்பதும் அப்படியே. எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று இதையெல்லாம் மழித்துவிட்டால் எந்த ஊர்க் கதையாகவும் இல்லாமல் போகும்.

ஒலிச் சொற்களை அள்ளிப் போடலாம். குடுகுடு, தடதட, மொறுமொறு, பிசுபிசு, கமகம. சில மொழிகளில் இதற்குத் தவம் கிடக்க வேண்டும், நமக்குக் கேட்காமலே கிடைக்கிறது. ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் போனால் திகட்டும்.

வாய்விட்டுப் படியுங்கள்

முதலில் நீங்களே படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். அடுத்து வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, நீங்கள் கேளுங்கள். அவர் தடுமாறும் இடமெல்லாம் உங்கள் வேலை. அப்புறம்தான் குழந்தைகள். உங்கள் வீட்டுக் குழந்தை உங்களுக்காகச் சிரிக்கும், அதை நம்பாதீர்கள். அறிமுகம் இல்லாத ஐந்தாறு குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். "பிடிச்சிருந்துதா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். கேட்காமல் கண்ணைப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் பக்கத்துப் பையனைச் சீண்டுகிறார்கள், எந்தப் பக்கத்தில் முன்னால் நகர்ந்து உட்காருகிறார்கள் என்று மடித்த தாளில் ஓரமாகக் குறித்துக்கொண்டே வாருங்கள். மறுநாள் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் அவர்கள் விட்டுவிடும் பகுதியை நீங்களும் விட்டுவிடலாம்.

அனுப்பும்போது

படக்கதை எழுதி அனுப்ப ஓவியரை நீங்கள் தேட வேண்டியதில்லை. பதிப்பகம் எடுத்துக்கொண்டால் அவர்களே ஓவியரைப் பார்த்துக்கொள்வார்கள். சென்னையில் 1996 முதல் பல மொழிகளில் சிறுவர் புத்தகம் வெளியிடும் தூலிகா போன்ற பதிப்பகங்களின் தளத்துக்குப் போய், கையெழுத்துப்படிகளை ஏற்கிறார்களா, எப்படி அனுப்பச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். கதையைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, எந்த வயதுக்கு என்பதையும் சொல் எண்ணிக்கையையும் மேலே போட்டால் படிப்பவருக்கு எளிது. சிறுவர்மலர், சிறுவர்மணி, மாயாபஜார் போன்ற நாளிதழ் இணைப்புகளில் வரும் கதைகளின் நீளத்தைப் பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல் எழுதி அனுப்புவது இன்னொரு வழி.

ஸ்டோரிவீவரில் நீங்களே கதையை ஏற்றலாம், அங்கேயே இருக்கும் ஓவியங்களைப் பயன்படுத்தலாம். ஆனால் அது திறந்த உரிமத்தில் வெளியாகும். உங்கள் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் அதை மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். சம்மதம் என்றால் மட்டும் ஏற்றுங்கள்.

பதிப்பகம் சம்மதித்தால் தொகை எவ்வளவு, மொத்தமாகவா விற்பனைப் பங்காகவா, மொழிபெயர்ப்பு உரிமையும் ஒலிப்புத்தக உரிமையும் யாருக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பெயர் அட்டையில் வருமா என்றும் கேளுங்கள். புத்தகம் போட உங்களிடமே பணம் கேட்பவர்கள் அச்சுக்கூட வேலை செய்கிறார்கள். அதில் தவறில்லை, எத்தனை பிரதி, எவ்வளவு செலவு, விற்காத பிரதி எங்கே இருக்கும் என்று கேட்டு, அச்சகத்தில் கேட்கும் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.